குருதிக் குழியக் கணிப்பின் வரலாறும் ஊவாத் தோட்டப்புறமும்

ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்குக் கிடைக்கும் சான்றுகளுட் பெரும்பகுதி எண்களாகவே உள்ளது. விடியற்காலைப் பிரட்டுக் களத்தில் ஆட்கள் எண்ணப்பட்டனர். செக்றோல் புத்தகத்தில் முழுப்பேர், அரைப்பேர் எனப் பேர்கள் எண்ணப்பட்டன. பறித்த கொழுந்து நாள்தோறும் நிறுக்கப்பட்டு முன்னர் இறாத்தலாகவும் பின்னர் கிலோகிராமாகவும் குறிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் மக்களே எண்ணிப் பங்கிடப்பட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானித்துக் கொள்ளலாம் என்பது அன்றைய கணக்கு. இத்துணை எண்ணிக்கைகளுக்கு நடுவே, உழைத்தவர் உடலில் ஓடிய குருதியைப் பற்றிய கணக்கு மட்டும் மிகப் பிந்தியே வந்தது. நமுனுகுல மலைத்தொடரைச் சூழ்ந்த தோட்டங்களை மனத்திற் கொண்டு, குருதிக் குழியங்களை எண்ணும் முறைகளின் வரலாற்றை நோக்குவது இக்கட்டுரையின் பணியாகும்.

மருத்துவ ஆய்வுகூடங்களிலே குருதிக் குழியங்கள் இரு வழிகளில் எண்ணப்படுகின்றன. நுணுக்குக்காட்டியின் கீழ் மனிதக் கண் எண்ணுவது ஒன்று. மின்னியற் பொறி எண்ணுவது மற்றொன்று. இவற்றுள் எது சிறந்தது என்னும் வினாவுக்குத் துல்லியம், வேகம், செலவு ஆகிய மூன்றையும் நிறுத்துப் பார்த்து விடை கூறுவது ஆய்வுகூட நூல்களின் வழக்கம். நகரத்து ஆய்வுகூடத்துக்கு அவ்விடை போதுமானது. மலைத்தோட்டத்திலிருந்து நோக்குமிடத்தோ, வினாவையே சற்று மாற்றிக் கேட்க வேண்டியதாகின்றது. அங்கு நெடுங்காலம் நிலவிய தெரிவு கண்ணுக்கும் பொறிக்கும் இடைப்பட்டதன்று. எண்ணுவதா, எண்ணாமல் விடுவதா என்பதே அங்கு முதல் வினாவாக இருந்தது.

நுணுக்குக்காட்டி ஊவாவின் தோட்டங்களோடு முதலிற் கொண்ட உறவு மனிதரைப் பற்றியதன்று என்பது கருத்தூன்றி நோக்கத்தக்கது. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதிக் கோப்பிச் செடிகளின் இலைகளிலே செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பார்க்லி என்னும் பங்கசவியலறிஞர் அவற்றை ஆராய்ந்து, அந்நோயைத் தோற்றுவித்த பங்கசத்துக்கு எமிலெயா வஸ்ராற்றிக்ஸ் எனப் பெயரிட்டார். கோப்பியைக் காக்கும் பொருட்டு 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானியை அரசு வரவழைத்தது. ஈராண்டுக் காலம் அவர் கோப்பி இலையின் துளைகளையும் பங்கசத்தின் வித்திகளையும் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தார். கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. ஆயினும் ஓர் இலைக்கு நேர்ந்த வெளுப்பின் காரணத்தைத் தேட நுணுக்குக்காட்டி மலையேறிய அக்காலத்தில், அச்செடிகளிடையே உழைத்தவரின் முகவெளுப்பின் காரணத்தைத் தேட அது ஏறவில்லை.

கருவி இல்லாமையால் அவ்வாறு நிகழ்ந்தது எனல் பொருந்தாது. குருதிக் குழியங்களை எண்ணும் கலை அதற்கு முன்பே தோன்றிவிட்டது. 1852இல் ஜெர்மானிய உடற்றொழிலியலாளர் கார்ள் வீரோர்ட், அளந்தெடுத்த சிறுதுளிக் குருதியை ஐதாக்கி, கண்ணாடியிற் பரப்பி, நுணுக்குக்காட்டியாற் குழியங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். ஒரு கன மில்லிமீற்றரில் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் செங்குழியங்கள் உள்ளன என்னும் முடிவு இன்றைய எண்ணுக்கு மிக நெருங்கியது. ஆனால் ஒரு கணிப்புக்கே பல மணிநேரம் பிடித்தது. அதன்பின் பிரான்சில் மலாசே 1874இலும் அயெம் 1875இலும், இலண்டனில் கவேர்ஸ் 1877இலும் இவ்வேலையை எளிதாக்கும் கருவிகளை வெளியிட்டனர். வார்ட் இலங்கைக்கு வந்தபோது கவேர்சின் குருதிக்குழியமானி மூன்று வயதுக் கருவியாக இருந்தது.

இம்மரபில் வந்த நொய்பவர் கணிப்பறை இன்றும் பல ஆய்வுகூடங்களின் அலுமாரிகளில் இருப்பதாகும். தடித்த கண்ணாடி வழுக்கியொன்றின் நடுவே நுண்ணிய கோடுகள் வரையப்பட்டிருக்கும். மேலே மூடித்தகட்டை வைத்தால், கீழ்த்தளத்துக்கும் தகட்டுக்கும் இடையே சரியாகப் பத்தில் ஒரு மில்லிமீற்றர் ஆழம் அமையும். நடுவிலுள்ள ஒரு சதுர மில்லிமீற்றர் 400 சிறு சதுரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. விரல்நுனியிற் குத்தி எடுத்த குருதியைச் சிவப்பு மணி கொண்ட குழாயியிலே 0.5 என்னும் குறிவரை வாயால் உறிஞ்சி, பின் ஐதாக்கும் கரைசலை 101 என்னும் குறிவரை உறிஞ்ச வேண்டும். குருதி இருநூறு மடங்கு ஐதாகிவிடும். குழாயியை நன்கு குலுக்கி, முதற் சில துளிகளைக் கழித்து, கணிப்பறையை நிரப்பி, குழியங்கள் அடியிற் படியும் வரை காத்திருந்து, 80 சிறு சதுரங்களில் உள்ளவற்றை எண்ண வேண்டும். கோட்டின்மேற் கிடக்கும் குழியங்களுக்கு ஒரு விதி உண்டு: மேற்கோட்டையும் இடக்கோட்டையும் தொட்டவை கணக்கிற் சேரும், ஏனை இரு கோடுகளைத் தொட்டவை சேரா. வந்த தொகையைப் பத்தாயிரத்தாற் பெருக்கினால் விடை. வெண்குழியங்களுக்கு வெள்ளை மணிக் குழாயி, இருபது மடங்கு ஐதாக்கல், நான்கு மூலைச் சதுரங்கள், ஐம்பதாற் பெருக்கல் என முறை சிறிது வேறுபடும்.

இங்கே பத்தாயிரத்தாற் பெருக்குதல் என்பதைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். எண்ணும்போது ஒரு குழியம் கூடினால் விடையிற் பத்தாயிரம் கூடுகின்றது. எண்ணுபவர் எத்துணைக் கவனமுடையவராயினும், குழியங்கள் சதுரங்களில் ஒரே சீராகப் படிவதில்லை. மழைத்துளிகள் முற்றத்துக் கற்களின் மேல் விழுவதுபோல் அவை விழுகின்றன. ஒரு கல்லில் ஐந்து, அடுத்ததில் ஒன்பது. இதன் கணிதத்தைத் தெளிவாக்கியவர் ஒரு மருத்துவரல்லர் என்பது சுவையான செய்தி. டப்ளின் நகரத்துக் கினஸ் மதுவடிசாலையிலே பணியாற்றிய வில்லியம் கொசெற், வடிசாலையின் மதுவக் கலங்களை இதே கணிப்பறையிலேயே எண்ணிவந்தார். 1907இல் 'மாணவன்' எனப் பொருள்படும் புனைபெயரில் அவர் வெளியிட்ட கட்டுரை, இவ்வெண்ணிக்கையில் தவிர்க்கவொண்ணாத பிழை எவ்வளவு என்பதைக் காட்டியது. எண்ணப்பட்ட தொகையின் வர்க்கமூலமே அப்பிழையின் அளவு. 500 செங்குழியங்களை எண்ணினால் ஏறத்தாழ 22 குழியங்கள் இப்பக்கமோ அப்பக்கமோ விலகலாம். அது நூற்றுக்கு நாலரை. 140 வெண்குழியங்களை எண்ணினால் நூற்றுக்கு எட்டுக்கு மேல். குழாயியின் பிழையும் கணிப்பறையின் பிழையும் இதன்மேற் சேர்வன. இவை யாவற்றையும் 1940இல் அமெரிக்காவிலே பேர்க்சன், மகத், ஹேர்ன் ஆகிய மூவர் ஒருங்கே ஆராய்ந்து வெளியிட்டபோது, பல மருத்துவர் அதுவரை நம்பியிருந்த நுண்ணிய வேறுபாடுகள் வெறும் தற்செயல் விலகல்களாகவும் இருக்கலாம் என்பது புலனாயிற்று.

நல்ல கண்ணும் நல்ல கையும் உடைய தேர்ந்த ஒருவர் அரைமணி நேரம் செலவிட்டாலும் விடையில் நூற்றுக்குப் பத்து விலகல் வியப்பன்று என்பதே இதன் பொருள். ஆனால் ஊவாவின் தோட்ட மருந்துச் சாலையிலே அந்த அரைமணி நேரமும் அந்தக் கணிப்பறையும் இருந்தனவா?

தோட்ட மக்களின் மருத்துவ வசதிக்கெனச் சட்டங்கள் இல்லாமற் போகவில்லை. 1872ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கோப்பிப் பிரதேசங்களை மருத்துவ மாவட்டங்களாக வகுத்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டங்கள் தோட்டத்துரைமாரின் கடமைகளை மேலும் வரையறுத்தன. எனினும் தொழிலாளி அன்றாடம் கண்டது தோட்டத்து மருந்துச் சாலையையும் அங்கிருந்த டிஸ்பென்சரையுமே. 'டொக்டர் ஐயா' எனத் தோட்ட மக்கள் அழைத்த அவர், கீழிமையை இழுத்துப் பார்த்தும் நாக்கையும் நகத்தையும் பார்த்தும் குருதிச்சோகையைத் தீர்மானித்தார். இதற்கு ஒருபடி மேலானது நிற ஒப்பீடு. பின்லாந்து மருத்துவர் தல்க்விஸ்ற் 1900 அளவில் வகுத்த முறையில், ஒற்றுத்தாளில் ஊறிய குருதித்துளியின் நிறத்தை அச்சிட்ட சிவப்பு நிற வரிசையோடு ஒப்பிட வேண்டும். சாலி என்னும் சுவிற்சர்லாந்து மருத்துவரின் முறை இதனிலும் நேரியது. அமிலத்திற் கரைத்த குருதி கபிலநிறமாகும். பக்கத்துக் கண்ணாடிக் கோலின் நிறத்துக்கு ஒத்துவரும் வரை நீரைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். இவை ஈமோகுளோபினை மதிப்பிடுவன. குழியங்களை எண்ணுவன அல்ல. மங்கிய வெளிச்சமும் மாலைப் பனிமூட்டமும் உள்ள மலைக் கட்டிடத்தில் நிறத்தை ஒப்பிடுதல் எவ்வளவு நம்பத்தக்கது என்பதை எளிதில் உய்த்துணரலாம்.

குருதிச்சோகையின் காரணத்தைத் தேடி நுணுக்குக்காட்டி இலங்கைத் தோட்டங்களை நோக்கி முறையாகத் திரும்பியது 1916இல் ஆகும். அமெரிக்க றொக்பெல்லர் தாபனத்தின் சர்வதேச சுகாதார அமைப்பு, அரசோடும் தோட்டத்துரைமாரோடும் உடன்பட்டு, மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோரிடம் புழு காணப்பட்டது. கொழுக்கிப்புழு குடற்சுவரைப் பற்றிக்கொண்டு குருதியை உறிஞ்சுவது. ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சும் அளவு மிகச் சொற்பம். நூற்றுக்கணக்கான புழுக்கள் ஆண்டுக்கணக்கில் உறிஞ்சும்போது உடலிலுள்ள இரும்புச்சத்து வற்றிவிடுகின்றது. வெறுங்காலோடு மலைச்சரிவில் நடந்தோரும் மலசலகூடம் இல்லாத லயங்களில் வாழ்ந்தோரும் இதற்கு இரையாயினர்.

இவ்வியக்கத்திலும் எண்ணப்பட்டது குருதியன்று. மலத்திலுள்ள முட்டையே தேடப்பட்டது. நோர்மன் ஸ்ரோல் 1923இல் வகுத்த முட்டை எண்ணும் முறையும் ஒருவகையிற் குருதிக் கணிப்பின் உடன்பிறப்பே: ஐதாக்கு, அளந்தெடு, எண்ணு, பெருக்கு. களத்தில் ஆயிரக்கணக்கானோரைப் பரிசோதிக்க அதுவே ஏற்றது என்பதை மறுக்கவியலாது. ஆயினும் மருந்து கொடுத்துப் புழுவைக் கழித்தபின், மலசலகூடம் கட்டும் செலவுக்குப் பல துரைமார் முன்வரவில்லை. புழு மீண்டும் ஏறியது. குருதிநிலை எவ்வளவு உயர்ந்தது, பின்னர் எவ்வளவு தாழ்ந்தது என்னும் எண் ஒவ்வொரு தோட்டத்திலும் ஆண்டுதோறும் குறிக்கப்பட்டிருந்தால், அச்செலவைத் தட்டிக்கழிப்பது அத்துணை எளிதாக இருந்திராது.

எண்ணாமையின் விளைவு மருத்துவத்தோடு நின்றுவிடவில்லை. குருதிச்சோகை உடையவர் ஏற்றத்தில் மூச்சு வாங்குவார். கூடை நிறையப் பிந்துவார். மாலையில் நிறுவைக்கு வரும்போது அவருடைய கொழுந்து குறைவாக இருக்கும். செக்றோலில் அது அரைப்பேராக எழுதப்படும். கூலியாட்கள் சோம்பேறிகள் என்பது துரைமார் இடையே வழங்கிய பொதுமொழி. இவ்வாறு குருதியில் இருந்த குறை ஒழுக்கத்தில் உள்ள குறையாகக் கணக்கெழுதப்பட்டது. தராசு ஒன்று இருந்தது. அதற்கு எதிர்த்தட்டில் வைப்பதற்கு ஆய்வுகூட எண் எதுவும் இருக்கவில்லை.

அவ்வெண் 1970களிலே வந்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ட்னர், எட்ஜேட்டன் ஆகியோரும் பேராதனை மருத்துவப் பேராசிரியர் சேனவிரத்னவும் வேறு சிலரும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் பெண் தொழிலாளரை ஆராய்ந்தனர். 1973-74இல் உணவுத் தட்டுப்பாடு தோட்டப்புறத்தைக் கடுமையாக வாட்டியிருந்த காலத்தை ஒட்டியது அவ்வாய்வு. ஈமோகுளோபின் குறையக் குறைய உடலுழைப்பைத் தாங்கும் ஆற்றல் குறைவதை 1977இல் வெளியான அவர்களது கட்டுரை காட்டியது. 1979இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையோ நேரடியாகக் கொழுந்துக் கூடைக்கே சென்றது. ஒரு சாராருக்கு இரும்புச்சத்து மருந்தும் மற்றொரு சாராருக்கு மருந்துப்போலியும் கொடுத்து, நாள்தோறும் பறித்த கொழுந்தின் நிறை ஒப்பிடப்பட்டது. ஒரு மாத காலத்தில், இரும்புச்சத்தால் ஈமோகுளோபின் உயர்ந்தவர்கள் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாகக் கொழுந்து பறித்தனர். தெசிலீற்றருக்கு 6 முதல் 9 கிராம் வரையான ஈமோகுளோபின் உடையோரிடத்து முன்னேற்றம் மிகுதியாகக் காணப்பட்டது. அவர்களின் அன்றாட நடமாட்டமும் கூடியது. சோம்பல் எனப்பட்டதற்கு வேதியியற் பெயர் ஒன்று இருந்தது என்பதை நிறுவிய ஆய்வு இது. தோட்டத்தின் சொந்தத் தராசே அதற்குச் சாட்சி கூறியது இதன் தனிச்சிறப்பு எனலாம்.

இங்கு ஒன்று கூறுதல் தகும். இவ்வாய்வு ஈமோகுளோபினைக் கொண்டே தன் முடிவை நிலைநாட்டியது. செங்குழியங்களின் எண்ணிக்கை அதற்கு இன்றியமையாததாக இருக்கவில்லை. ஆதலின் தோட்டப்புறக் குருதிச்சோகையைக் கண்டறியப் பெரும்பொறி தேவையில்லை என ஒருவர் வாதிடலாம். குருதிச்சோகை உண்டா என்னும் வினாவுக்கு அவ்வாதம் பெரும்பாலும் சரியே. எவ்வகைக் குருதிச்சோகை என்னும் வினாவுக்கு வரும்போதே பொறியின் தேவை தெளிவாகின்றது.

பொறியின் கதை சுருக்கமானது. வலஸ் கூல்டர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், மின்கடத்தும் கரைசலில் மிதக்கும் குழியமொன்று நுண்துளை வழியே செல்லும்போது, மின்னோட்டத்துக்கான தடை ஒரு கணம் கூடுகின்றது என்பதைப் பயன்படுத்திக் கொண்டார். சிகரெட்டுப் பெட்டியின் மெல்லிய உறையிற் சூடேற்றிய ஊசியால் துளையிட்டே முதற்சோதனை செய்தார் என்று கூறப்படுகின்றது. இரண்டாம் உலகப் போரின் அணுகுண்டு வீச்சுக்குப் பின், கதிர்வீச்சுக்கு ஆட்பட்ட பெருந்தொகையான மக்களின் குருதியை விரைவாகப் பரிசோதிக்க வழிகாணும் எண்ணமும் அம்முயற்சிக்கு உந்துதலாக இருந்தது. 1953இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1958இல் தம்பி யோசப்புடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார். 1968இல் வெளிவந்த பொறி ஒரே மாதிரியிலிருந்து ஏழு அளவுகளைத் தானே கணித்தது. ஒவ்வொரு குழியமும் ஒரு மின்துடிப்பு. துடிப்பின் உயரம் குழியத்தின் கனவளவுக்கு ஏற்ப அமையும். ஐம்பதாயிரம் மடங்கு ஐதாக்கிய குருதியில் அரை மில்லிலீற்றரைத் துளைவழி செலுத்தினால், ஒரு நிமிடத்துக்குட் சுமார் 50,000 செங்குழியங்கள் எண்ணப்படும். கொசெற்றின் வர்க்கமூல விதியை இங்கும் பொருத்திப் பார்க்கலாம்: பிழை நூற்றுக்கு அரையிலும் குறைவு. கண்ணின் பிழையில் அது ஏறத்தாழப் பத்தில் ஒன்று.

இதன் பயனை ஊவாவின் ஒரு நடைமுறைச் சிக்கலாலே விளக்கலாம். ஊவா உட்பட இலங்கையின் பல பகுதிகளிலே தலசீமியா என்னும் பரம்பரைக் குருதிநோயின் காவிகள் உள்ளனர்; அதற்கான பெரிய சிகிச்சை நிலையம் குருணாகலில் உள்ளது. எடுத்துக்காட்டாக, ஈமோகுளோபின் 10.8 கிராம் உடைய இரு பெண்களைக் கொள்வோம். இருவர் இமையும் ஒரே அளவு வெளுத்திருக்கும். சாலி முறையும் இருவர்க்கும் ஒரே விடை தரும். ஒருவருக்குச் செங்குழியம் 44 இலட்சம், குழியத்தின் சராசரிக் கனவளவு 76 பெம்ரோலீற்றர். மற்றவருக்குச் செங்குழியம் 56 இலட்சம், கனவளவு 62. மென்ற்சர் என்பவர் 1973இற் காட்டியவாறு, கனவளவை இலட்சங்களுக்குப் பதிலாகப் பத்திலட்சங்களிற் கூறிய எண்ணிக்கையால் வகுத்தால், முன்னவர்க்கு 17, பின்னவர்க்கு 11 என வரும். 13க்கு மேற்பட்டது இரும்புக் குறைவையும் கீழ்ப்பட்டது தலசீமியாக் காவிநிலையையும் சுட்டும். இது முடிந்த முடிபன்று. மேற்சோதனைக்கு வழிகாட்டும் குறிப்பே. எனினும் அதனைத் தவறவிட்டால், ஒருவர் பயனின்றி ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குவார். அவரும் அவரைப் போன்ற மற்றொரு காவியும் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. கண்ணால் எண்ணிய 44 இலட்சம், முன்னே கூறிய பிழைகளால் 49 இலட்சமாகவோ 40 இலட்சமாகவோ வரக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்வகுத்தலுக்குக் கண் ஏன் போதாது என்பது விளங்கும்.

ஆயினும் பொறியைப் புகழ்ந்து இவ்வரலாற்றை முடித்துவிட முடியாது. பொறி பிழையை ஒழிக்கவில்லை. பிழையின் தன்மையை மாற்றியது. கண் குறைவாக எண்ணும், ஆனால் எதனை எண்ணுகின்றது என்பதை அறியும். பொறி மிகுதியாக எண்ணும், ஆனால் துடிப்பைத் தவிர வேறெதையும் அறியாது. குருதி உறையாமல் தடுக்கும் ஈடீரீஏ கலந்த குழாயிலே சிலருடைய சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். பொறி அத்திரளைச் சிறுதட்டாகக் கொள்ளாது விடுவதால் எண்ணிக்கை பொய்யாகக் குறையும். தலசீமியாவிற் காணப்படும் மிகச்சிறு செங்குழியத் துணுக்குகளைச் சிறுதட்டுகள் என எண்ணிவிடுதலும் உண்டு. அப்போது எண்ணிக்கை பொய்யாகக் கூடும். கருவுடைய செங்குழியங்களை வெண்குழியங்களாகக் கொள்ளும் மயக்கமும் உண்டு.

தோட்டப்புறத்துக்கு நேரே பொருந்தும் குறையொன்றையும் கூற வேண்டும். கொழுக்கிப்புழு உடலிற் புகுந்தால் வெண்குழியங்களுள் இயோசின்நாடி என்னும் வகை பெருகும். விலை குறைந்த பொறிகள் வெண்குழியங்களை மூன்று பிரிவாகவே வகுப்பவை. அவற்றில் இயோசின்நாடி தனியே தெரியாது. சாயமூட்டிய குருதிப் படலத்தில் அதன் செம்மஞ்சள் மணிகளைப் புதிதாகப் பயின்றவரும் அடையாளம் காண்பர். ஆனால் கண்ணின் வெற்றியையும் மிகைப்படுத்தலாகாது. வழமையாக எண்ணப்படுவன நூறு வெண்குழியங்களே. உண்மையில் நூற்றுக்கு ஐந்தாக இருக்கும் ஒரு வகை, அந்த நூற்றில் ஒன்றாகவும் தோன்றலாம், பன்னிரண்டாகவும் தோன்றலாம். ஆதலால், ஐயம் எழும்போது பொறி தரும் எச்சரிக்கைக் குறியைக் கண்டு, ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் ஒரு படலத்தைத் தேய்த்துச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியின் கீழ் வைப்பதே நல்ல ஆய்வுகூடங்களின் வழக்கமாக நிலைத்தது. கண் எண்ணும் வேலையிலிருந்து விடுபட்டுப் பார்க்கும் வேலைக்கு உயர்ந்தது எனலாம்.

டெங்குக் காய்ச்சல் இவ்விரண்டின் உறவையும் நாடெங்கும் அறியச் செய்தது. 2017இல் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதியப்பட்டனர். சிறுதட்டு ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்குகின்றதா, குருதியிற் குழியங்களின் கனவளவு வீதம் ஏறுகின்றதா என்பதை நாளுக்கொரு முறையாயினும் பார்க்க வேண்டியிருந்தது. கணிப்பறையிலே சிறுதட்டை எண்ணிக் கொண்டிருந்தால் ஒரு வாட்டின் காலை மாதிரிகளுக்கே மாலையாகிவிடும். பொறி இன்றி அவ்வாண்டைக் கடந்திருக்க இயலாது. அதே பொறி, மின்சாரமும் தனக்கென வகுத்த கரைசல்களும் இன்றி ஓர் எண்ணையும் தராது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளோடு ஆய்வுகூடக் கரைசல்களுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டபோது இவ்வுண்மை கசப்பாக உணரப்பட்டது. நொய்பவர் கணிப்பறைக்குத் தேவையானது சன்னல் வெளிச்சமும் எளிய ஐதாக்கற் கரைசலும் பயின்ற கையுமே. அக்கையைப் பயிற்றுவதைக் கைவிடும் நாடு, தன் குருதிக் கணக்கைக் கப்பல் வரவிடம் ஒப்படைக்கின்றது.

நமுனுகுலவின் உச்சி 2,036 மீற்றர். உயரம் கூடக் கூட உடல் ஈமோகுளோபினைச் சற்றுக் கூட்டிக்கொள்ளும். ஆதலின் குருதிச்சோகையின் எல்லையெண்ணை உயரத்துக்கேற்ப உயர்த்திக் கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுகின்றது. கடல்மட்ட எல்லையைக் கொண்டு மலைத்தோட்டத்துப் பெண்ணை அளந்தால், நோயுள்ள சிலர் நலமுடையோராகத் தோன்றிவிடுவர். அச்சிட்ட விடைத்தாளில் இத்திருத்தத்தை எந்தப் பொறியும் தானாகச் செய்யாது. செய்பவர் தோட்டம் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

பதுளைக்கு இரயில் 1924இல் வந்தது. அந்நகரத்து அரசாங்க வைத்தியசாலை வளர்ந்து போதனா வைத்தியசாலையாயிற்று. அங்கு முழுக்குருதிக் கணிப்பு இலவசம். தனியார் ஆய்வுகூடங்கள் அறவிடத்தக்க உச்சக் கட்டணத்தை அரசு 2017இல் 250 ரூபாவாகவும் 2023இல் 400 ரூபாவாகவும் வரையறுத்தது. 2021 முதல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக இருந்தது. 2023இல் தனியாரிடம் ஒரு முறை குருதியை எண்ணுவிக்க அச்சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வேண்டும். இலவசமாக எண்ணுவிக்கப் பதுளைக்கு இறங்கினாலோ, அன்று கொழுந்து பறிக்க இயலாது. செக்றோலிற் பேரும் விழாது.